வறண்ட கண்மாயில் தோண்டினால் உயிரோடு ஆமை: பாலாமை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கரம்பைமண் எழுதியது:

எங்கள் ஊர் காளையார்கோவிலுக்குக் கிழக்கே. கண்மாயில் படிந்த வண்டல் மண்ணை, அதாவது கரம்பையை, அள்ள அனுமதி கிடைத்து டிராக்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் மாசியிலேயே வற்றிவிட்டது, இப்போது தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. இன்று காலை கரையோரம், கருவேல மரத்து வேர்ப் பக்கம் ஜேசிபி வாளி இறங்கியதும் மண்ணோடு சேர்ந்து ஆமைகள் வந்தன. ஒன்று வாளிப் பல் பட்டுச் செத்துவிட்டது. மற்றவை உயிரோடு இருக்கின்றன. முதுகில் கட்டம் கிட்டம் எதுவும் கிடையாது, வழவழவென்று பாசி நிறம். அடிவயிறு வெள்ளை. கையில் எடுத்தால் பின்னங்கால்களை உள்ளே இழுத்து, தோல் மடலால் மூடிக்கொள்கிறது.

தண்ணீரே இல்லாத இடத்தில் இவ்வளவு நாள் எப்படி இருந்தது? இதற்கு மேல் என்ன செய்வது? டிரைவர் "கிணத்துல போடுங்க, தண்ணி சுத்தமா இருக்கும்" என்கிறார். இன்னொருவர் வேறு யோசனை சொன்னார், அதை இங்கே எழுத முடியாது.

மீன்கொத்தி எழுதியது:

பாலாமைதான், சந்தேகமே வேண்டாம். அறிவியல் பெயர் லிசெமிஸ் பங்க்டேட்டா. அந்தத் தோல் மடல்தான் அடையாளம். நம் ஊர்க் குளங்களில் இரண்டு ஆமைகள் சாதாரணம். ஒன்று காராமை: கறுப்பு, கெட்டி ஓடு, முதுகில் நீளவாக்கில் மூன்று வரப்பு ஓடும். மற்றது இந்தப் பாலாமை. இதற்கு ஓட்டின் மேல் கொம்புத் தகடுகளே கிடையாது. எலும்பு ஓட்டின் மேல் நேராகத் தோல் போர்த்தியிருக்கும், அதனால்தான் கட்டம் தெரியவில்லை.

திருப்பிப் பார்த்தீர்களானால் அமைப்பு தெளிவாகத் தெரியும். அடி ஓட்டின் பின்பகுதியில் இடமும் வலமுமாக இரண்டு மடல்கள். பின்னங்காலை இழுத்ததும் அவை ஓட்டு வீட்டுச் சன்னலின் இரட்டைக் கதவு சாத்துவது மாதிரி மேலே வந்து பொருந்தும். முன்பக்கம் மடல் கிடையாது. அடி ஓட்டின் முன்பாதியே கீலில் மேலே எழும்பி, தலையையும் முன்னங்கால்களையும் அடைத்துவிடும். மூக்கு சின்னக் குழாயாக நீட்டிக்கொண்டிருக்கும். காலில் விரல்களுக்கிடையே சவ்வு, ஒவ்வொரு காலிலும் மூன்று நகம் மட்டும். பெரிய பெட்டை ஓடு 35 செ.மீ. வரை வளரும். கடுவன் அதைவிடச் சிறிசு, ஆனால் வால் தடித்து நீண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: கழுத்து நீங்கள் நினைப்பதைவிட நீளம். ஓட்டின் நடுவில் பக்கவாட்டில் பிடித்தால்கூடத் திரும்பிக் கடிக்கும். பின்பக்கமாகப் பிடியுங்கள்.

தலைமடை எழுதியது:

எங்கள் பக்கம் மீன்பிடித் திருவிழா அன்று ஊத்தாவுக்குள் விராலுக்குப் பதிலாக இது சிக்கும். கையை விட்டுத் துழாவும்போது கல் என்று நினைத்துத் தூக்கினால் கடித்துவிடும். அந்தக் காலத்தில் யாரும் இதை அதிசயமாகப் பார்த்ததில்லை. வற்றின கண்மாயில் விரால் சேற்றுக்குள் கிடக்கும், நண்டு வளைக்குள் கிடக்கும், ஆமையும் கிடக்கும். முதல் மழைக்கு எல்லாம் எழுந்து வரும். ஆமை நடுக் கண்மாயில் அவ்வளவாகக் கிடக்காது. கரைச் சரிவு, மர வேர், கோரைப் புதர், மடையை ஒட்டின ஈரம், இப்படித்தான் ஒதுங்கும். தம்பி சொல்கிற கருவேல வேர் சரியான இடம்.

அந்த "எழுத முடியாத யோசனை" என்னவென்று எனக்குத் தெரியும். மூலத்துக்கு மருந்து என்று சொல்லியே பாதி ஆமையைத் தின்று தீர்த்தார்கள். எங்கள் தாத்தாவும் தின்றார். மூலம் கடைசிவரை அவரை விடவில்லை.

நீர்க்கோழி எழுதியது:

கேள்வியின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். நான் விலங்கியல் பாடம் நடத்துகிறவள், கொஞ்சம் நீளமாகப் போகும்.

குளிர் நாடுகளில் சில விலங்குகள் குளிருக்குத் தூங்குவதை எல்லாரும் படித்திருப்போம். இங்கே அதே வேலை கோடைக்கு நடக்கிறது, கோடை உறக்கம் என்பார்கள். ஆமை தன் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ளும் பிராணி இல்லை. அதனால் சும்மா கிடக்கும்போது அதற்குச் செலவு மிகக் குறைவு. இரை வேண்டாம், இதயத் துடிப்பு குறையும், மூச்சின் தேவை குறையும். சேர்த்துவைத்த கொழுப்பில் மாதக்கணக்கில் ஓட்டும். அதற்குப் பெரிய ஆபத்து பசி இல்லை, உடம்பு நீர் வற்றிப்போவதுதான். மண்ணுக்குள் போனால் வெயிலும் காற்றும் படாது. மடலை மூடிக்கொண்டால் கால் இடுக்கு, வால் பக்கம், கழுத்து என்று மெல்லிய தோல் உள்ள இடமெல்லாம் உள்ளே போய்விடுகிறது.

மடல் எதற்கு என்பதில் இரண்டு கருத்து உண்டு. நரி, கீரி, உடும்பு கடிக்காமல் இருக்க என்பது ஒன்று. ஈரம் போகாமல் இருக்க என்பது இன்னொன்று. என் கட்சி இரண்டாவது. பாதுகாப்புதான் முக்கியம் என்றால் ஆற்றில் வாழும் மற்ற மென்னோட்டு ஆமைகளுக்கும் இது வந்திருக்க வேண்டாமா? கங்கை ஆமைக்கு இல்லை, நம் காவிரி, கிருஷ்ணா, கோதாவரியில் இருக்கும் பெரிய மென்னோட்டு ஆமைக்கும் இல்லை. அவையெல்லாம் வற்றாத ஆழத் தண்ணீரை நம்பி வாழ்பவை. மடல் உள்ள உறவுக்காரர்கள் இரண்டே இரண்டு பேரினங்கள், இரண்டும் ஆப்பிரிக்காவில். மழைக்காலம், வறட்சி என்று மாறி மாறி வரும் நாடு அதுவும்.

வால்டர் ஆஃபன்பெர்க் ராஜஸ்தானில் வற்றிக்கொண்டிருந்த ஒரு ஏரியில் இந்த ஆமைகள் என்ன செய்கின்றன என்று கவனித்து 1981-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். ஏரி வற்றும்போது பாலாமைக்கு இரண்டு வழி: அங்கேயே புதைந்துகொள்வது, இல்லையென்றால் தண்ணீர் தேடி நடப்பது. நடப்பதில் சாவு அதிகம். வெயிலில் காய்ந்து போவதும் உண்டு, நரி வாயில் போவதும் உண்டு.

கரம்பைமண் எழுதியது:

நன்றி அக்கா. அப்படியென்றால் நாங்கள் "காப்பாற்றினோம்" என்று நினைத்தது உண்மையில் தூக்கத்தைக் கெடுத்ததுதானா? கிணற்றில் விடலாமா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் தோட்டக் கிணறு ஆழம், தண்ணீர் வற்றாது.

தலைமடை எழுதியது:

விடலாமே. எங்கள் கிணற்றில் ஒன்று நான் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து கிடந்தது. தவளை, பூச்சி, விழுந்த எலி எல்லாம் தின்னும். தண்ணீர் நாறாது.

மீன்கொத்தி எழுதியது:

அண்ணே, நீங்கள் சொல்வதில் ஒரு பாதி சரி. அது செத்ததையும் தின்னும், உயிருள்ளதையும் தின்னும், செடியையும் விடாது. நத்தை, நண்டு, மீன், தவளை, தலைப்பிரட்டை, மண்புழு, பூச்சி, பாசி, நீர்ச்செடித் தழை, விழுந்த பழம், பூ. கிணற்றில் எலி விழுந்தால் தின்றுவிடும், வாஸ்தவம். ஆனால் தின்றதைக் கழிப்பதும் அதே தண்ணீரில்தானே.

ஆமையின் பக்கம் யோசித்துப் பாருங்கள். உறை இறக்கின கிணற்றில் ஏறி உட்கார ஒரு கல் கிடையாது. பாலாமை கரையிலும் பாறையிலும் ஏறி வெயில் காயும் பிராணி. முட்டையிட மண் கிடையாது. துணை கிடையாது. நீங்கள் சின்ன வயதில் பார்த்ததை இன்னும் பார்த்தீர்கள் என்றால் அது நன்றாக இருந்தது என்று அர்த்தம் இல்லை, சாகாமல் இருந்தது, அவ்வளவுதான். வம்சம் அதோடு சரி. கிணற்றில் விடுவது ஆயுள் தண்டனை.

கெண்டைக்குஞ்சு எழுதியது:

நான் மீன்பாசி குத்தகை எடுக்கிறவன். எல்லாரும் ஆமைக்குப் பரிந்து பேசுகிறீர்கள். குஞ்சு விட்ட முதல் மாதத்தில் ஆமை உள்ள கண்மாயில் குஞ்சு குறைவதை நான் பார்க்கிறேன். தூண்டிலில் மாட்டிய மீனைப் பாதி தின்றுவிட்டுப் போகிறது. வலையைக் கிழிக்கிறது. குத்தகைப் பணம் யார் தருவார்கள்?

நீர்க்கோழி எழுதியது:

உங்கள் நஷ்டம் நிஜம், மறுக்கவில்லை. வலையில் சிக்கி ஓட முடியாமல் கிடக்கும் மீனை அது விடாது. தூண்டில் மீனும் அப்படித்தான். ஆனால் நீந்தித் திரியும் குஞ்சைத் துரத்திப் பிடித்துக் கூட்டத்தையே குறைக்கும் அளவுக்கு வேகம் அதற்குக் கிடையாது. அடித்தரையில் மேய்ந்து, நத்தையும் அழுகலும் தின்பதுதான் பெரும்பொழுது. குஞ்சு குறைந்தால் முதலில் விராலையும் நீர்க்காகத்தையும் சந்தேகப்படுங்கள். செத்த மீனைத் தின்று தண்ணீர் கெடாமல் வைப்பதையும் கணக்கில் வரவு வையுங்களேன்.

கெண்டைக்குஞ்சு எழுதியது:

நீர்க்காகத்தைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம். சரி, ஆமையைப் பாதிக் குற்றவாளி என்று வைத்துக்கொள்கிறேன்.

வன்னிக்குளத்தான் எழுதியது:

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கமும் இதைப் பாலாமை என்றுதான் சொல்லுவம். சிங்களத்திலையும் பால் என்றுதான் பெயர் வரும், கிரி இப்பா. வவுனியா, கிளிநொச்சிக் குளங்களில் தாராளமாகக் கிடக்கும். வயல் வாய்க்காலுக்குள்ளும் வரும். தாமரை பூத்த குளமென்றால் கட்டாயம் இருக்கும்.

ஒரு சந்தேகம். எங்கட ஆமை வேறு இனமென்று ஒருவர் சொன்னார். உண்மையோ? பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரியேல்லை.

மீன்கொத்தி எழுதியது:

உண்மைதான் அண்ணை. முன்பு எல்லாவற்றையும் ஒரே இனமாக வைத்து, வட்டாரத்துக்கு ஒரு துணையினம் என்று பிரித்திருந்தார்கள். வடக்கே சிந்து, கங்கைப் பக்கம் உள்ளதற்கு முதுகிலும் தலையிலும் மஞ்சள் புள்ளிகள் பளிச்சென்று இருக்கும், அது ஆண்டர்சனி. 1980-இல்தான் அதற்கு அந்தப் பெயர். தெற்கே உள்ளவை புள்ளி இல்லாத, மங்கலான நிறம். பிறகு 2011-இல் மரபணுவைப் பார்த்தபோது இலங்கை ஆமை தனித்து நின்றது. அதனால் லிசெமிஸ் சிலோனென்சிஸ் என்று தனி இனமாக வைத்தார்கள். அந்தப் பெயரே புதிதில்லை, கிரே என்பவர் 1856-இல் வைத்தது, தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். பர்மாவின் ஐராவதிப் பக்கம் உள்ளது இன்னொரு இனம், ஸ்குட்டாட்டா.

கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதில் வியப்பில்லை. கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இலங்கையும் இந்தியாவும் ஒட்டியிருந்தும் இவை கலக்காமல் இருந்திருக்கின்றன என்பதுதான் எனக்கு வியப்பு.

புதுவைக்காரன் எழுதியது:

ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இந்த ஆமை எங்கள் ஊர்க்காரர் என்பதால் வந்தேன். பொன்னத்தேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1789-இல், அங்கே புரட்சி நடந்த அதே ஆண்டில், இந்த ஆமைக்குப் பெயர் வைத்தார். அப்போது "இந்தியா" என்று பொதுவாகத்தான் இடம் குறித்திருந்தது. பிற்பாடு அதன் மூல இடம், அதாவது பெயர் வைக்க ஆதாரமான ஆமைக்கு உரிய ஊர், சோழமண்டலக் கரையில் உள்ள புதுச்சேரி என்று வரையறுத்தார்கள். ஊசுட்டேரிக்குப் போகிறவர்கள் நாரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் கொஞ்சம் கீழேயும் பாருங்கள்.

சும்மாபடிப்பவன் எழுதியது:

2020-இல் ஒடிசாவில் முழு மஞ்சள் ஆமை கிடைத்தது என்று வாட்சப்பில் சுற்றியதே, அது எந்த இனம்? தெய்வ ஆமை என்றெல்லாம் போட்டிருந்தார்கள்.

மீன்கொத்தி எழுதியது:

அதுவும் பாலாமைதான். பாலாசோர் மாவட்டத்தில் சுஜன்பூர் என்ற ஊரில் ஜூலையில் கிடைத்தது. அதே ஆண்டு மேற்கு வங்காளத்தில் வர்த்தமான் பக்கம் இன்னொன்று. கருநிறமி உண்டாகாத பிறவிக் குறை, அதனால் மஞ்சள் மட்டும் தெரிகிறது. தெய்வமும் இல்லை, புது இனமும் இல்லை. பாசிப் பச்சைக் குளத்தில் மஞ்சளாகத் திரிந்தால் பருந்துக்கு விருந்து, அதனால்தான் பெரிதாக வளர்ந்து அகப்படுவது அபூர்வம்.

சும்மாபடிப்பவன் எழுதியது:

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்களே. மழை நாளில் வாசலுக்கு வந்துவிட்டால்?

தலைமடை எழுதியது:

அமீனாவும் கூட வந்தால் யோசிக்கலாம். ஆமை மட்டும் வந்தால் எடுத்துக் குளத்தில் விட்டுவிட்டு வந்து சாப்பிடுங்கள்.

நீர்க்கோழி எழுதியது:

மழை நாளில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலியாக அமைந்தவை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் கீழ்க் கண்மாய்க்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்ததும் மண்ணுக்குள் கிடந்த ஆமை எழுந்து, ஈரத் தரையில் நடந்து அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும். அந்த வழியில் நாம் ரோடு போட்டிருக்கிறோம், வீடு கட்டியிருக்கிறோம். மழை விட்ட காலையில் தார் ரோட்டில் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைவிட மோசம் இப்போது வாய்க்காலுக்குச் செங்குத்தாகக் கட்டுகிற சிமெண்டுச் சுவர். மண் வாய்க்காலில் ஏறிவிடும். சிமெண்டில் நகம் பிடிக்காது, தண்ணீர் வற்றியதும் உள்ளேயே காய்ந்து சாகும்.

கரம்பைமண் எழுதியது:

இது இனப்பெருக்கம் செய்வது எப்போது? தெரிந்தால் மண் எடுக்கும் மாதத்தை மாற்றச் சொல்லி ஊரில் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நீர்க்கோழி எழுதியது:

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

முதலில் இணை சேர்வது. ஜம்முவில் பார்த்து எழுதிய ஆய்வு ஒன்று 1981-இல் வெளிவந்தது. கடுவன் கழுத்தை நீட்டிப் பெட்டையின் ஓட்டை வருடுமாம். பெட்டைக்குச் சம்மதம் என்றால் திரும்பி முகத்துக்கு முகம் நிற்கும். இரண்டும் தலையை மேலும் கீழுமாக மூன்று நான்கு முறை ஆட்டும். அதன்பிறகுதான் பெட்டை அடித்தரையில் அமரும். சேர்ந்து முடிந்ததும் எதிரெதிர்த் திசை பார்த்துத் திரும்பிக்கொண்டு, பிரியாமல் கால் மணி நேரம்கூடக் கிடக்கும். தண்ணீருக்கு மேலே நின்று பார்க்கிறவனுக்கு ஒரு குமிழிகூடத் தெரியாது.

முட்டை உருண்டையாக இருக்கும், ஏறக்குறைய 3 செ.மீ. குறுக்களவு. கடல் ஆமை முட்டை தோல் மாதிரி அமுங்கும், இது அமுங்காது, ஓடு கெட்டி. ஒரு முறைக்கு 2 முதல் 14 வரை. ஒரே ஆண்டில் இரண்டு மூன்று முறை இடும். கரையில் ஈரப்பதமான மண்ணைப் பின்னங்காலால் பறித்து இட்டு மூடிவிட்டுப் போய்விடும். காவல் கிடையாது.

இதற்கு மேல்தான் விஷயமே. முட்டைக்குள் கரு உடனே வளர ஆரம்பிப்பதில்லை. ஆரம்பநிலையிலேயே நின்று, காத்திருக்கும். அதனால் பொரிய ஒன்பது மாதம்வரை ஆகும். மழைக்காலம் முடிகிற தறுவாயில் இட்ட முட்டை பனிக்காலத்தையும் கோடையையும் மண்ணுக்குள்ளேயே கழித்து, அடுத்த மழையை ஒட்டிப் பொரியும். சுமார் 4 செ.மீ. குஞ்சு வெளியே வரும்போது தவளைக்குஞ்சும் பூச்சியும் நிறைந்த புதுத் தண்ணீர் இருக்கும். கோடையில் பொரிந்தால் வெடித்த தரையில் அதற்கு என்ன கிடைக்கும்?

இப்போது உங்கள் கண்மாயைப் பாருங்கள். வைகாசியில் ஒன்றுமே இல்லாத வெறும் பொட்டல். ஊருக்கு அப்படித்தான் தெரியும், அதிகாரிக்கும் அப்படித்தான் தெரியும். அதனால்தான் அந்த மாதத்தில் மண் எடுக்கிறோம். ஆனால் கரைச் சரிவில் போன ஆண்டு முட்டையும், வேர் ஓரத்தில் பெரிய ஆமையும், சேற்றில் விராலும் நத்தையும் அப்போதுதான் மண்ணுக்குள் இருக்கின்றன. தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஆமைக்கு நாம் பெரிய தொந்தரவு இல்லை. வறண்டு கிடக்கும்போதுதான் எமன்.

தலைமடை எழுதியது:

டீச்சரம்மா, அப்போ மண்ணே எடுக்கக் கூடாதா? தூர் வாராமல் விட்டுத்தான் எங்கள் கண்மாய் பாதி ஆழம் போய்விட்டது. தண்ணீர் நின்றால்தானே ஆமையும் நிற்கும்? மழைக்காலத்தில் மண் எடுக்க முடியாது. மாதத்தை மாற்று என்பதெல்லாம் ஆகிற காரியமா?

நீர்க்கோழி எழுதியது:

ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். மாதத்தை மாற்ற முடியாது, இடத்தை மாற்றலாம். கரம்பை படிவது உள்வாயில், தாழ்ந்த நடுப்பகுதியில். விவசாயிக்கு வேண்டிய மண் அங்கேதான் இருக்கிறது. கரையை ஒட்டி மண் எடுத்தால் கரையே பலவீனமாகும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் வண்டி ஏற்றி இறக்க வசதி என்று ஓரத்திலேயே வெட்டுகிறார்கள். ஓரத்துக் கோரையையும் மரத்தையும் விட்டுவிட்டு நடுவில் எடுத்தால் கண்மாய்க்கும் நல்லது, ஆமைக்கும் நல்லது. ஒரே கோடையில் மொத்தக் கண்மாயையும் சுரண்டாமல் இந்த ஆண்டு ஒரு பாதி, அடுத்த ஆண்டு மறு பாதி என்றாலும் போதும்.

தலைமடை எழுதியது:

இது ஆகிற பேச்சு. அந்தக் காலத்தில் மாட்டுவண்டியில் அடித்தபோது தன்னாலேயே அப்படித்தான் நடந்தது. மம்பட்டி போடுகிறவன் கண்ணுக்கு ஆமை தெரியும், எடுத்து ஓரமாக வைப்பான். ஜேசிபி டிரைவருக்கு மேலே இருந்து என்ன தெரியும்?

மருதநிலம் எழுதியது:

இழையில் சட்டத்தைப் பற்றி யாரும் பேசாததால் நான் சொல்கிறேன். பாலாமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. புலி, யானை இருக்கிற அதே அட்டவணை. பிடித்தாலும், வளர்த்தாலும், கறி விற்றாலும் 3 முதல் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். கிணற்றில் போட்டாலும் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வாஸ்து ஆமை என்று கண்ணாடித் தொட்டியில் வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் கடுமையாக இருந்தும் கடத்தல் நிற்கவில்லை. 2017 ஜனவரியில் உத்தரப்பிரதேசம் அமேதி மாவட்டத்தில் ஒரே இடத்தில் 6,400-க்கும் மேற்பட்ட பாலாமைகளைச் சாக்குமூட்டைகளில் பிடித்தார்கள். எடை 4 டன்னுக்கு மேல். கிழக்கே கறிச் சந்தைக்குப் போக இருந்த சரக்கு. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் ஒரு காலத்தில் கவலைப்படத் தேவையில்லாத இனம் என்று இருந்ததை இப்போது அழியும் ஆபத்துக்கு ஆளாகக்கூடிய இனம் என்று மாற்றிவிட்டார்கள்.

கெண்டைக்குஞ்சு எழுதியது:

கடையில் பச்சையாக, காது பக்கம் சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமை விற்கிறார்களே, அதுவும் குற்றமா? என் மகள் ஒன்று வைத்திருக்கிறாள்.

மீன்கொத்தி எழுதியது:

அது அமெரிக்க ஆமை, சிவப்புக்காது ஸ்லைடர். அது முதல் அட்டவணையில் வராது. ஆனால் தட்டு அளவுக்கு வளர்ந்ததும் தொட்டி பத்தாமல் கோயில் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். அதுதான் வினை. நம் ஆமைகளோடு இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டி போடும், நோயும் பரப்பும். கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் வாய்க்காலில் கிடைத்த பிறகு, வளர்ப்பவர்கள் குளத்தில் விடாமல் ஒப்படையுங்கள் என்று கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் கேட்டு வாங்கத் தொடங்கியது. பாப்பாவிடம் சொல்லி வையுங்கள்: வளர்க்கலாம், குளத்தில் மட்டும் விடக் கூடாது.

புதுவைக்காரன் எழுதியது:

ஒரு பெயரை இங்கே சொல்லாமல் போகக் கூடாது. ஜே. விஜயா. கிண்டி பாம்புப் பண்ணையில் தொடங்கி, சென்னை முதலைப் பண்ணையில் வேலை செய்தவர், இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர். பாலாமை முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க வைத்து 1982-இல் எழுதியவர் அவர்தான். அதே ஆண்டில் பல பத்தாண்டுகளாக யாரும் காணாதிருந்த கொச்சிப் பிரம்பாமையைக் கேரளக் காட்டில் மறுபடி கண்டுபிடித்தார். 1987-இல், முப்பது வயதுகூட ஆகுமுன் இறந்துபோனார். 2006-இல் அந்தப் பிரம்பாமைப் பேரினத்துக்கே விஜயாகெலிஸ் என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்ப் பாடப் புத்தகத்தில் இவரைப் பற்றி ஒரு பத்தியாவது வரலாம்.

கரம்பைமண் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஊரில் பேசிவிட்டேன், கரையோரம் வெட்ட வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார்கள். டிராக்டர்க்காரர்தான் நடை கூடும், டீசல் கூடும் என்று முறைத்தார். உயிரோடு இருப்பவை இப்போது நனைத்த சாக்கு போட்ட அன்னக்கூடையில், நிழலில் இருக்கின்றன. கடைசியாக இரண்டு கேள்வி. இவற்றை எங்கே விடுவது? அப்புறம் இன்று மாலை சரிவில் உருண்டையாக வெள்ளை முட்டைகள் தென்பட்டன, இரண்டு உடைந்துவிட்டன, மீதி முழுசாக இருக்கிறது. இது அதுதானா?

மீன்கொத்தி எழுதியது:

அமுங்காத உருண்டை என்றால் பெரும்பாலும் அதுதான். பாம்பு, ஓணான் முட்டை நீள்வாட்டமாக, தொட்டால் அமுங்கும். காராமை முட்டை கெட்டியாக இருந்தாலும் நீளமாக இருக்கும்.

முட்டையைப் புரட்டாதீர்கள். எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதில் பென்சிலால் சின்னக் குறி போடுங்கள். அதே நிலையில் எடுத்து, வாளி வராத பக்கத்துச் சரிவில், இருந்த அதே ஆழத்துக்குக் குழி பறித்து, அந்த மண்ணையே போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். மேலே முள் வெட்டிப் போட்டால் நாயும் கீரியும் தோண்டாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரிக்க வைக்கலாம் என்ற ஆசை வந்தால் மருதநிலம் சொன்ன அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆமைகளுக்கு முதலில் வனச்சரக அலுவலகத்துக்குப் போன் பண்ணுங்கள். ஓட்டில் அடிபட்டிருந்தால் அவர்கள்தான் பார்க்க வேண்டும். அடிபடாதவற்றை அவர்களைக் கேட்டுக்கொண்டு, உங்கள் சங்கிலியிலேயே தண்ணீர் உள்ள அடுத்த கண்மாய்க்கு வெயில் தாழ்ந்த பிறகு கொண்டுபோங்கள். தண்ணீருக்குள் வீசாதீர்கள், கரையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். இறங்குவதா, மறுபடி மண்ணைத் தோண்டுவதா என்று அதுவே முடிவு பண்ணிக்கொள்ளும்.

கெண்டைக்குஞ்சு எழுதியது:

அந்த அடுத்த கண்மாய் என் குத்தகையில் உள்ளதாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சும்மா சொன்னேன், விடுங்கள்.